எங்கள் தெருவுக்கு ஞாயிறு முறை

தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் இருமும். முதலில் ஒரு ‘கர்ர்’, பிறகு வெறும் காற்று, அதன்பிறகு துருவும் மண்ணும் கலந்த காவித் தண்ணீர் கொஞ்சம், கடைசியில்தான் நல்ல தண்ணீர். இராஜபாளையத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில், தரைமட்டத்துக்கு மேலே ஏறிவர அந்தத் தண்ணீருக்குத் தெம்பு இல்லை என்பதால், ஓர் ஆள் இறங்கிக் குந்தி உட்காரும் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி அதற்குள் குழாயை வைத்திருந்தார்கள். நாங்கள் அதைக் ‘குழாக்குழி’ என்போம். அந்தக் குழியின் பாசி வாடையும் நனைந்த ரப்பர் ட்யூபின் வாடையும் இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிடும். கூடவே எரிச்சலும் வந்துவிடும்.

ஊரில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கிழமை என்று தண்ணீருக்கு முறை உண்டு. எங்கள் தெருவுக்கு வாய்த்தது, ஊரே ஓய்வாக இருக்கும் ஞாயிறு. எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் யாரையும் கேட்கக்கூடாது. விடியற்காலையிலும் வரும், மத்தியானச் சோற்றில் கை வைக்கும்போதும் வரும், இனி வராது என்று எல்லாரும் கதவைச் சாத்திய பிறகும் வரும். வந்தபோது பிடிக்காவிட்டால் அடுத்த ஞாயிறுவரைக்கும் வாளியும் கையுமாக அடுத்த தெருவுக்கு அலைய வேண்டியதுதான். ஆகவே வீட்டுக்கு ஓர் ஆள் காவல் இருந்தே ஆகவேண்டும். தெருவில் பாதிப்பேர் தெலுங்கு பேசுகிறவர்கள். அத்தனை வருஷம் அங்கே இருந்தும் நான் கற்றுக்கொண்ட ஒரே தெலுங்கு, தண்ணீர் வந்துவிட்டதா என்று அவர்கள் கேட்கும் ‘நீள்ளு ஒச்சிந்தா?’ மட்டும்தான்.

எங்கள் வீட்டுக் காவல் அம்மா. அப்பா நூல் மில்லில் மாறி மாறி ஷிப்டு பார்த்தவர். அம்மா பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். நான், என் தம்பி ஆகிய இரண்டு பேரையும் சேர்த்து நான்கு பேருக்கு அந்த வீட்டில் இருந்தது இரண்டே அறைகள். அப்பாவுக்கு நைட் ஷிப்டு என்றால் பகலெல்லாம் ஓர் அறையில் அவர் தூக்கம், மற்ற அறையில் நாங்கள் மூச்சுக்கூட விடாமல் பாடம் படிக்க வேண்டும். சனிக்கிழமை ரேஷன் கடையும் மாவு மில்லும் துணி துவைப்புமாகப் போய்விடும். ஞாயிறு காலை முதல் ஆராதனைக்கு நான்கு பேரும் சேர்ந்து வேதக்கோயிலுக்குப் போய் வருவோம். வந்ததும் அம்மா வெள்ளைப் புடவையை மடித்து வைத்துவிட்டுப் பழைய சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ‘நீங்க போயிட்டு வாங்க, தண்ணி வரும்’ என்பாள். அப்பா ஸ்கூட்டரை உதைப்பார்.

போய்விட்டு வருவது என்றால் ஏதோ உல்லாசப் பயணம் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பாவிடம் ஒரு சொல் இருந்தது, ‘போற வழிதான’. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், அங்கிருந்து செண்பகத்தோப்பு ஓடையில் குளித்துவிட்டு வருவோம் என்று சனிக்கிழமை இரவே எங்களிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிடுவார். ஆனால் போகிற வழியில் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் பார்த்து, தம்பிக்கு முடிவெட்டி, மில்லில் கூட வேலை பார்ப்பவரின் மாமனார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய் அவரை எழுப்பி நலம் விசாரித்து, துட்டி வீடு ஒன்றில் பெரியவர்கள் அழுது முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் அந்நியர் வீட்டு நாய்க்குப் பயந்து படியில் உட்கார்ந்திருந்து, அத்தை வீட்டுக்குப் போய் அங்கே அத்தையும் அப்பாவும் பாகம் பிரியாத ஒரு நிலத்தைப் பற்றி மெல்லிய குரலில் தொடங்கிப் பெரிய குரலில் முடித்து, யாருக்கோ கொடுக்கப் பால்கோவா வாங்கி, அதை நாங்கள் திறந்துவிடாமல் இருக்க ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துப் பூட்டி முடிப்பதற்குள் வெயில் இறங்கிவிடும். அந்நேரத்துக்கு மேல் காட்டுக்குள் விடமாட்டார்கள். ‘ஓடை எங்கயும் ஓடிப் போயிராது, அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்’ என்று சொல்லி ஸ்கூட்டரைத் திருப்புவார். எத்தனை அடுத்த வாரங்கள்! தம்பி முன்னால் நின்றபடியே தூங்குவான். நான் பின்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு வருவேன்.

அப்படிப் போன ஒரு ஞாயிறு, தம்பியின் பள்ளிக்கூடத்துக்குப் படம் எடுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டுடியோ ஒன்றுக்குள் நுழைந்த அப்பா, வந்ததுதான் வந்தோம் என்று எங்கள் மூன்று பேரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். பின்னால் அருவி வரைந்த திரை. ஓடைக்குப் பதிலாக அதுவாவது கிடைத்ததே என்று நான் அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பக்கத்தில் உட்காரும் பிள்ளை படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, ‘ஒங்கம்மா செத்துப்போச்சாட்டி?’ என்று கேட்டாள். அவள் சடையைப் பிடித்து இழுத்து நான் டீச்சரிடம் அடி வாங்கியதைவிட, அவள் கேட்டது நியாயமான கேள்விதான் என்று எனக்குத் தோன்றியது அதிகமாக வலித்தது. எங்கள் வீட்டில் இருந்த எந்த வெளியூர்ப் படத்திலும் அம்மா இல்லை. பாழாய்ப்போன தண்ணீர் அவளை வாசலில் கட்டிப்போட்டிருக்கிறது, அவிழ்த்துவிட ஒருத்தருக்கும் அக்கறை இல்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆகவே அவிழ்த்துவிடுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டில் லட்சுமியக்கா இருந்தார். வயதில் அம்மாவைவிட மூத்தவர், பிள்ளைகள் வெளியூரில், ஞாயிறு முழுவதும் தன் வீட்டுக் குழாக்குழியைப் பார்த்தபடி முறுக்கு மென்றுகொண்டிருப்பவர். அவரிடம் போய், ஒரே ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்கும் சேர்த்துப் பிடித்துவிடுவீர்களா என்று கேட்டேன். இதற்கா இத்தனை இழுவை, சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். வீட்டுக்கு ஓடிவந்து எல்லார் முன்னாலும் அறிவித்தேன். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அம்மாவின் முகம்தான் நான் நினைத்ததுபோல மலரவில்லை. அக்காவுக்கு முட்டிவலி, குழிக்குள் இறங்கமாட்டார் என்றாள். ட்யூபை எப்படி மாட்டுவது என்று அவருக்குத் தெரியாது என்றாள். டிரம்மைக் கழுவாமல் பிடித்துவிடுவார் என்றாள். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் வைத்திருந்தேன். முந்தின நாளே டிரம்மைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்திருந்தேன்.

நான்கு பேரும் ஸ்கூட்டரில் அவ்வளவு தூரம் போக முடியாது என்பதால் பஸ்ஸில் போனோம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். என்னைக் கேட்டால் அன்றைக்குத்தான் எங்கள் ஞாயிறுகளிலேயே சீக்கிரம் எல்லாம் முடிந்தது. அம்மா கூட இருந்ததால் அத்தை நிலப்பேச்சை எடுக்கவில்லை. துட்டி வீடு எதுவும் இல்லை. மினி பஸ்ஸைப் பிடித்து வெயில் இருக்கும்போதே செண்பகத்தோப்பு போய்ச் சேர்ந்துவிட்டோம். ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவும் தம்பியும் விழுந்து புரண்டார்கள். அம்மா மட்டும் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்து, எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தண்ணீரை நினைத்துக் கவலைப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன். கிட்டே போய், அக்கா எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பார், நீ வா, காலையாவது நனை என்று கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா கையை விடுவித்துக்கொண்டாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்பா காதில் விழுந்துவிடக் கூடாது என்று மெதுவாகப் பேசினாள்.

‘தண்ணி எம்புட்டு நேரம் வரும்? பிடிச்சு முடிச்சாப் பொறவு வீடு செத்த நேரம் சும்மா கெடக்கும். ஒரு சத்தம் இருக்காது. அம்மான்னு ஒருத்தரும் கூப்பிடமாட்டிய. பழைய சோத்தக் கரைச்சுக் குடிச்சிட்டு, ஈரத் தரையில ரேடியோவப் போட்டுட்டுப் படுத்துக் கெடப்பேன். வாரத்துக்கு எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான், ஏட்டி. அதையும் பிடுங்கிட்டயே.’

எனக்கு அழுகை வந்தது, வருத்தத்தில் இல்லை, கோபத்தில். டிரம் கழுவி என் கை எரிந்தது யாருக்காக? அம்மா செத்துவிட்டாளா என்று கேட்டவளின் சடையை இழுத்து அடி வாங்கியது யாருக்காக? இவ்வளவு பாடுபட்டுக் கூட்டிக்கொண்டு வந்தால், நாங்கள் இல்லாமல் இருப்பதுதான் சுகம் என்கிறாளே! இத்தனை நாளாக நாங்கள் வெயிலில் நாயாய் அலையும்போது இவள் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஓடையில் இறங்காமல் நானும் அதே பாறையில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தனை வருஷம் ஏங்கிய ஓடையில் கடைசியில் நான் குளிக்கவே இல்லை.

வீடு திரும்பியபோது லட்சுமியக்கா வாசலிலேயே காத்திருந்தார். தண்ணீர் தாராளமாக வந்ததாம். டிரம், குடம், அண்டா எல்லாம் நிரப்பிவிட்டு, வருகிற தண்ணீரை வீணாக்க மனம் வராமல் இட்லிச் சட்டி, குழம்புச் சட்டி, எங்கள் பள்ளிக்கூட டிபன் டப்பா வரைக்கும் நிரப்பி வரிசையாக வைத்திருந்தார். கால் வைக்க இடமில்லை. அதைப் பார்த்து அப்பா அசந்துபோனார். இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே, இனி எல்லா ஞாயிறும் அக்காவிடமே சாவியைக் கொடுத்துவிட்டு நான்கு பேருமாகப் போகலாம் என்றார். அக்காவும் தலையை ஆட்டினார். அம்மா குழம்பு வைப்பதற்காக ஒரு சட்டியைக் கவிழ்த்தாள்.

அந்த வாரம் முழுவதும் நான் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவளைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். காலையில் அடுப்படியில், சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாக, இரவு விளக்கை அணைத்த பிறகும், நாங்கள் மூன்று பேரும் மாற்றி மாற்றி அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். சீப்பு எங்கே, சட்டை எங்கே, உப்புப் போதவில்லை, தம்பி கிள்ளுகிறான். அதற்கு முன்னால் அது என் காதில் விழுந்ததே இல்லை. ஒரு தடவை கேட்டுவிட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடிவதில்லை, அதுவும் ஒரு தொல்லைதான்.

அடுத்த ஞாயிறு கோயிலிலிருந்து வந்ததும் அம்மா பழக்கத்தில் சேலை மாற்றப் போனாள். மாற்ற வேண்டாம், கிளம்பு என்றார் அப்பா. அவள் அப்படியே நின்றாள். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. ‘லட்சுமியக்கா ஊருக்குப் போறாங்களாம்ப்பா. அம்மாதான் தண்ணி பிடிக்கணும்.’ அப்பா உச்சுக்கொட்டிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். நான் பின்னால் ஏறும்போது அம்மா என் பின்கழுத்தில் கை வைத்து, கலையாத சடையை ஒருமுறை சரிசெய்தாள். பக்கத்து வாசலில் லட்சுமியக்கா முறுக்கு மென்றுகொண்டிருந்ததை அப்பா கவனிக்காமல் இருக்க, நான் அவரிடம் வேண்டாத கேள்விகளாகக் கேட்டுக்கொண்டே போனேன். அன்றைக்குத் துட்டி வீடு இரண்டு. வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும் என்று நினைக்க நினைக்கப் பொறாமையாக இருந்தது.

இன்று எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டில் வேலை, அங்கேயே வீடு, கணவர், இரண்டு பிள்ளைகள், ஒரு கார். சனி ஞாயிறு வந்தால் டிராயிங் கிளாஸ், பல் டாக்டர், காருக்கு சர்வீஸ், கல்யாண வரவேற்பு, திரும்பும்போது சூப்பர் மார்க்கெட். ‘போற வழிதான’ என்று இப்போது என் கணவர் சொல்கிறார், என் அப்பாவிடம் டியூஷன் படித்தவர்போல. வீட்டில் ஒரு மத்தியானம் தனியாகக் கிடந்தால் போதும் என்று எனக்கு உடம்பெல்லாம் கெஞ்சுகிறது. ஆனால் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு வேண்டுமே! தண்ணீர் தொட்டிக்குத் தானாக வந்து தானாக நிற்கிறது. கரண்ட் பில் போனிலேயே போய்விடுகிறது. பார்சல் வரும் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன், வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிடலாம் என்று கணவர் அங்கேயே ஏற்பாடு செய்துவிட்டார். எல்லா வசதியும் சேர்ந்து, பெண்பிள்ளை ஒருத்தி வீட்டில் தனியாக இருப்பதற்கு இருந்த ஒரே காரணத்தையும் பிடுங்கிக்கொண்டுவிட்டன.

அப்பா இறந்து சில வருஷம் ஆகிறது. தம்பி கோயம்புத்தூரில் இருக்கிறான். அந்த வாடகை வீட்டை அப்பா பின்னாளில் விலைக்கு வாங்கிவிட்டார், இப்போது அம்மா மட்டும் அதில் இருக்கிறாள். குழாக்குழியை மூடி சிமெண்டு பூசி, அதன்மேல் செம்பருத்தித் தொட்டி வைத்திருக்கிறது. எங்களோடு வந்து இரு என்றால் மாட்டேன் என்கிறாள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வெளியே கூப்பிட்டால் ஒருமுறைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை. எனக்குத் தலைவலி, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று கணவரிடம் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அம்மா வாசலில் நிற்பது கண்முன் வந்துவிடுகிறது. அதனால் காரில் ஏறி உட்கார்ந்துவிடுகிறேன், எரிச்சலோடுதான்.

போன ஞாயிறும் அப்படித்தான் போனோம். தெரு திரும்பும்போதே தெரிந்தது. கதவைப் பூட்டி, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செம்பருத்தித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாய் என்று கேட்டேன். இப்போதுதான் வந்தேன் என்றாள். அவளுக்குப் பின்னால், பல்லெல்லாம் போய்விட்ட லட்சுமியக்கா தன் வாசலில் உட்கார்ந்தபடி, அம்மா கோயிலிலிருந்து வந்ததிலிருந்தே அங்கேதான் நிற்கிறாள் என்று எனக்குச் சைகை காட்டினார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ‘தண்ணி வருமேம்மா, யாரு பிடிப்பா?’ என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. பிள்ளைகளை நகர்த்தி உட்கார்ந்து, சேலை சிக்காமல் பார்த்துக் கார்க் கதவை இழுத்துச் சாத்தினாள்.

‘வந்தா வரட்டும். வண்டிய எடுக்கச் சொல்லு.’