ஜைத்தூன் டீச்சரின் வருகைப் பதிவு

இந்த ஜாம்பியா நாட்டில் நீங்கள் தடுக்கி விழுந்தால் பக்கத்தில் போகிறவர் 'சாரி' என்பார். அவர் உங்களைத் தள்ளியிருக்க மாட்டார், தொட்டிருக்கக்கூட மாட்டார். உங்களுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று வருத்தப்படுகிறார், அவ்வளவுதான். வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் கை பட்டுச் சாக்பீஸ் டப்பா கீழே விழுந்தது. வகுப்பில் இருந்த நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் 'சாரி, மேடம்' என்றார்கள். எனக்கு வந்ததே கோபம்! கேலி செய்கிறார்கள் என்று நினைத்து, "யார் தள்ளியது? எழுந்து நில்!" என்று இங்கிலீஷில் அதட்டினேன். ஒருவரும் அசையவில்லை. இன்னொரு தடவை அதட்டியதும் நாற்பது பேரும் எழுந்து நின்று தரையைப் பார்த்தார்கள். சத்தம் கேட்டு அடுத்த அறையிலிருந்து மிஸ் முலேங்கா என்ற இளம் ஆசிரியை வந்து, அந்தச் சொல்லுக்கு இங்கே என்ன பொருள் என்று எனக்கு மெதுவாக விளக்கினாள். அன்று முழுக்க எனக்குப் பாடம் ஓடவில்லை.

அதற்கு முன் பத்து வருஷம் கடத்தூர்ப் பக்கத்தில் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருந்தவள் நான். வீட்டுக்காரருக்கு இந்தச் செப்புச் சுரங்க ஊரின் பெரிய பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்ததால் இங்கே வந்தோம். வந்த இடத்தில் எனக்கும் தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. வேலை மட்டுமா? பேரும் கிடைத்தது. இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் 'இந்தியன் மேடத்தின் ரோல் கால்' என்றால் தெரியாதவர்கள் இல்லை. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும், என்னைப் போல மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேர் என்னுடையது இல்லை. ஜைத்தூன் டீச்சருடையது.

ஜைத்தூன் டீச்சர் என் பக்கத்து வகுப்பு. தர்மபுரியில் தையல் கடை வைத்திருந்தவரின் மனைவி. காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். அச்சில் 'இறங்குவார்' என்று மரியாதையாக எழுதுகிறேன். அந்த நாட்களில் என் மனசுக்குள் 'இறங்குறா பாரு' என்றுதான் ஓடும். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த செகண்டரி கிரேடு. அவர் எட்டாவதோடு டிரெய்னிங் போன ஹையர் கிரேடு. சம்பளத்திலும் ஒரு படி கீழே. கரும்பலகையில் என் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், அவர் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஆனால் மணி அடித்ததும் பிள்ளைகள் அவர் வகுப்புக்கு ஓடும், என் வகுப்புக்கு நடந்து வரும். இதைத் தினமும் வராந்தாவில் நின்று பார்த்தவளுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவர் வருகைப் பதிவு எடுக்கும் விதமே வேறு. நம் பள்ளிகளில் பேரைக் கூப்பிட்டால் 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்லி உட்கார வேண்டும். ஜைத்தூன் டீச்சர் கூப்பிட்டால் பிள்ளை அன்றைக்கு மனசில் என்னத்தைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறதோ அதைச் சொல்லும். ஒருத்தன் "பசிக்குது" என்பான். ஒருத்தி "எங்க எருமை கன்னு போட்டுருக்குது" என்பாள். "நேத்து அப்பா அம்மாவ அடிச்சுட்டாரு" என்றும் வரும். டீச்சர் எதற்கும் பதில் சொல்ல மாட்டார். கேட்டுக்கொண்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிடுவார். இதற்கே அரை மணி போய்விடும். முதல் மணி அடித்துப் பத்து நிமிஷத்துக்குள் ரிஜிஸ்டரில் மொத்தம் போட்டு முடித்தாக வேண்டும் என்பது சட்டம். திடீர்ப் பரிசோதனையில் முடிக்காத ரிஜிஸ்டர் அகப்பட்டால் மெமோதான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பள்ளிகளைப் பார்வையிட வரும் டெபுடி இன்ஸ்பெக்டர் பஸ்ஸை விட்டு இறங்குவதை யார் முதலில் பார்த்தாலும் வரிசையாக எல்லா வகுப்புக்கும் சொல்லிவிட வேண்டும். பகையாளியாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். அன்று பார்த்தது நான். பெரிய வாத்தியாருக்குச் சொன்னேன். மூன்றாம் வகுப்புக்குச் சொன்னேன். ஜைத்தூன் டீச்சருக்குச் சொல்லவில்லை. ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு, இன்றைக்கு இருக்கிறது இவளுக்கு என்று வேடிக்கை பார்த்தேன்.

டெபுடி நேராக அவர் வகுப்பு வாசலில் போய் நின்றார். உள்ளே பாதிப் பேர்தான் கூப்பிட்டு முடிந்திருந்தது. ஒரு சின்னப் பெண் எழுந்து, "எங்கப்பா லாரி தொப்பூர் கணவாயில கவுந்துருச்சுங்க டீச்சர். சேலம் ஆஸ்பத்திரில இருக்காரு. எங்கம்மா இன்னும் வரல" என்றாள். ஜைத்தூன் டீச்சர் தலையை ஆட்டினார். அடுத்த பேரைக் கூப்பிட்டார். அடுத்தவள் எழுந்து, "நான் இன்னிக்கி அவ பக்கத்துல உக்காந்துக்கறேன் டீச்சர்" என்றாள். அப்போதுதான் டீச்சர் வாசலில் ஆளைப் பார்த்துப் பதறி எழுந்தார். "உக்காருங்கம்மா, மிச்சத்தையும் எடுங்க" என்று சொல்லிவிட்டு டெபுடி கடைசி வரிசையில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். மெமோ எங்கே வந்தது? கடத்தூரில் மாதாமாதம் சனிக்கிழமை நடக்கும் ஆசிரியர் கூட்டத்தில் மாதிரிப் பாடம் நடத்துவது மூன்று வருஷமாக நான். அந்த மாதத்திலிருந்து அது ஜைத்தூன் டீச்சருக்குப் போனது. போதாததற்கு, ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு வாரம் பின்னால் உட்கார்ந்து மற்ற ஆசிரியர்களைப் பழக்கிவிடச் சொல்லி உத்தரவு. முதல் வகுப்பு யாருடையது? என்னுடையது! நான் வெட்டிய பள்ளத்தில் நானே போய் விழுந்தேன்.

ஒரு ஹையர் கிரேடு என் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து எனக்குச் சொல்லித் தருவதா? காதில் புகை வராத குறை. முதல் நாள் வேண்டா வெறுப்பாகப் பேர் கூப்பிட்டேன். எல்லாரும் "உள்ளேன் டீச்சர்" என்றுதான் சொன்னார்கள். அப்படிச் சொல்லாதீர்கள், மனசில் இருப்பதைச் சொல்லுங்கள் என்று அதட்டினேன். முனியப்பன் என்றொரு பொடியன் எழுந்து, "பயமா இருக்குது" என்றான்.

"எதுக்குடா பயம்?"

"உங்களப் பாத்துதாங்க டீச்சர்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. என் கை தானாகக் குச்சிக்குப் போனது. பின்னாலிருந்து ஜைத்தூன் டீச்சர் எழுந்து வந்து என் காதோரம் சொன்னார்: "வேணாங்க டீச்சர். நெசத்தச் சொல்லிட்டான். இப்ப அடிச்சீங்கன்னா இனி ஒருத்தனும் சொல்ல மாட்டான். தலைய மட்டும் ஆட்டிட்டு அடுத்த பேரக் கூப்பிடுங்க." நான் குச்சியைக் கீழே வைத்தேன், தலையை ஆட்டினேன், அடுத்த பேரைக் கூப்பிட்டேன். அந்த வாரம் முழுக்க அவர் சொன்னதையெல்லாம் செய்தேன். அவர் போன மறுநாளே எல்லாவற்றையும் நிறுத்தினேன். அதன் பிறகு நான் ஊரை விட்டுக் கிளம்பும் வரை அவரோடு பள்ளி விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் கடைசிப் பேச்சு ஒரு கரும்பலகைத் துடைப்பான் பற்றியது.

அப்படிப்பட்டவள் இங்கே வந்து அதையே கையில் எடுத்தேன் என்றால் வேறு வழி இல்லாமல்தான். சாக்பீஸ் டப்பா விழுந்த நாளிலிருந்து பிள்ளைகள் என்னிடம் வாயே திறக்கவில்லை. ஒரு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை பேர் கூப்பிட ஆரம்பித்தபோது, ஜைத்தூன் டீச்சர் சொன்னபடியே மனசில் இருப்பதைச் சொல்லச் சொன்னேன், தலையை ஆட்டினேன். பிள்ளைகள் ஒவ்வொன்றாய் "ஹேப்பி, மேடம்" என்று சொல்ல ஆரம்பித்தன. தலைமையாசிரியை மிஸஸ் ம்வாலே வாசலில் நின்று பார்த்துவிட்டு, "எங்கே கற்றுக்கொண்டீர்கள் இதை?" என்று வியந்தார். "என் சொந்த முறை, மேடம்" என்றேன். யோசிக்கவே இல்லை, பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. பிறகு என்ன, மற்ற ஆசிரியைகளைப் பழக்கிவிடும் வேலை எனக்கு வந்தது. இப்போது மற்றவர்கள் வகுப்பில் பின்னால் உட்காருகிறவள் நான். வகுப்பில் சொன்னது வெளியே போகக் கூடாது என்று விதி போடுவேன், நோட்டுப் புத்தகத்தில் குறை எழுதுவேன். நிமிர்ந்துதான் நடந்தேன், சும்மா சொல்லக் கூடாது.

இந்த வருஷம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒரு கையேடு போடுகிறது. இந்த முறையையும் அதில் சேர்க்க வேண்டும், கண்டுபிடித்தவர் பேரோடு எழுதித் தாருங்கள் என்று மிஸஸ் ம்வாலே ஒரு காகிதம் கொடுத்தார். பேர் எழுத வேண்டிய இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. வாயால் சொன்ன பொய் வேறு, அச்சில் ஏறும் பொய் வேறு. அச்சில் என் பேரைப் பார்க்க ஆசை இல்லாமலும் இல்லை. கடைசியில் ஒரு ஏரோகிராம் வாங்கி ஜைத்தூன் டீச்சருக்கு எழுதினேன். முதல் பக்கம் முழுக்க என் பெருமை. இரண்டாம் பக்கத்தில்தான் விஷயம்: இதை என் முறை என்று சொல்லிவிட்டேன், உங்கள் பேரைப் போடட்டுமா?

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அதே கோழி கிளறிய எழுத்து. "பேரு எதப் போட்டா என்னங்க டீச்சர், புள்ளைங்க பேசுனாச் சரி. டெபுடி வந்த அன்னிக்கி நீங்க ஜன்னலோரம் நின்னது எனக்குத் தெரியும். சேலை தெரிஞ்சுது. அத நான் அன்னிக்கே விட்டுட்டேன். எனக்கு ஒரு சந்தேகம். இங்க பாதிப் புள்ளைங்க வூட்ல தெலுங்கும் கன்னடமும்தான். மனசுல இருக்கறது அந்தப் பாஷைலதான் வரும். அதுங்க சொல்றது எனக்குப் புரியவே ஒரு வருசம் ஆச்சு. அங்க புள்ளைங்க எந்தப் பாஷைல சொல்லுதுங்க? உங்களுக்குப் புரியுதுங்களா?"

ஜன்னலைப் பற்றிப் படித்தபோது முகம் சுட்டது. ஆனால் என்னை உட்கார வைத்தது அந்தக் கடைசிக் கேள்வி. இங்கே முதல் வகுப்பிலிருந்தே இங்கிலீஷ்தான் என்பது அரசாங்க விதி. மறுநாள் காலையில் பேர் கூப்பிடும்போது முதல் தடவையாகக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஹேப்பி, மேடம். ஹேப்பி, மேடம். நாற்பது பேரும் ஹேப்பி. பிள்ளைகளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். இரண்டு வருஷமாக இதற்குத்தான் தலையை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று இடைவேளையில் காகிதத்தில் ஜைத்தூன் டீச்சர் பேரை எழுதினேன். என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள், கீழேயே என் பேரையும் எழுதினேன், கொஞ்சம் பெரிய எழுத்தில்.

மறுநாள் காலையில், அதைக் கொடுப்பதற்கு முன்னால், மிஸ் முலேங்காவின் வகுப்புக்குப் போனேன். அவள் பேர் கூப்பிடும்போது பிள்ளைகளை அவர்கள் வீட்டு மொழியான பெம்பாவில் பேச விடுகிறாள் என்று போன மாதம்தான் நோட்டில் குறை எழுதியிருந்தேன். என்னைப் பார்த்ததும் இங்கிலீஷுக்கு மாறப் போனாள். "வேண்டாம், வழக்கம்போல எடு" என்று சொல்லிப் பின்னால் உட்கார்ந்தேன். பிள்ளைகள் பேசின பேச்சு இருக்கிறதே! ஒருவன் கையை விரித்து விரித்து ஏதோ சொன்னான். ஒருத்தி வெட்கப்பட்டுச் சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒரு பெண் எழுந்து மெல்லிய குரலில் நாலைந்து வாக்கியம் சொன்னாள். வகுப்பு அப்படியே அடங்கிவிட்டது. பக்கத்துப் பையன் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். முலேங்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டாள். அச்சு அசலாக ஜைத்தூன் டீச்சர் ஆட்டுகிற மாதிரி. என் வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் மறுபடி கிளம்பியது. கடத்தூர்ப் பள்ளியில் தமிழில் வந்த ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது, நான் கேட்க மாட்டேன் என்று வீம்பு பிடித்தேன். இங்கே கேட்க வேண்டும் என்று துடிக்கிறேன், ஒரு எழுத்து புரியவில்லை.

வகுப்பு முடிந்ததும், "அந்தப் பெண் என்ன சொன்னாள்?" என்று கேட்டேன்.

முலேங்கா தரையைப் பார்த்தாள். "மேடம், அது எங்களிடம் சொன்னது. வகுப்பில் சொன்னதை வெளி ஆட்களிடம் சொல்லக் கூடாது என்று நீங்கள்தானே எங்களைப் பழக்கினீர்கள்."

நான் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். அவர் மேசைமேல் காகிதத்தை வைத்து என் பேரை அடித்தேன். அழுத்திய அழுத்தில் காகிதம் கொஞ்சம் கிழிந்தது. அந்த இடத்தில் மிஸ் முலேங்கா என்று எழுதினேன். பொறாமை போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது.

என் சொந்த முறை என்றது பொய் என்று ஒப்புக்கொண்டு, இவர்கள் யார் என்றும் சொன்னேன். மிஸஸ் ம்வாலே இரண்டு பேர்களையும் படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இவர் உங்கள் ஊரில் ஆரம்பித்தவர், சரி. இவள் இங்கே நடத்துகிறவள், சரி. அப்படியானால் நீங்கள் என்ன செய்தீர்கள், மிஸஸ் சரோஜா?"

"நான் அங்கிருந்து இங்கே வந்தேன், மேடம்" என்றேன்.

"அது எங்களுக்குத் தெரியுமே!" என்று சிரித்துவிட்டு அவர் அடுத்த காகிதத்தை எடுத்தார்.