ஏழாம் மெஷின் மேல் இருந்த ஸ்பேனர்

என் மகளுக்குத் தமிழ் வகுப்பில் எதிர்ச்சொல் எழுதச் சொல்லியிருந்தார்கள். கடமை, பொறுப்பு, வாக்குறுதி, கட்டுப்பாடு என்று நான்கு சொற்கள். நான்குக்கும் எதிரே அவள் ஒரே விடையை எழுதியிருந்தாள்: மாமா. டீச்சர் அதைத் தப்பென்று அடித்துவிடவில்லை. சிவப்பு மையில் ‘விளக்கவும்’ என்று மட்டும் போட்டிருந்தார். விளக்கமாக இவள் ஒரு படம் வரைந்துகொண்டு போனாள். தரையில் திறந்து கிடக்கும் சூட்கேஸ், அதிலிருந்து சட்டை எடுக்கும் ஓர் ஆள்.

படத்தில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. என் தம்பி இந்த நாட்டுக்கு வந்து எங்கள் வாசலில் நின்றபோது, “எத்தனை நாள் இருப்ப?” என்று கேட்டேன். “பார்க்கலாம்க்கா” என்றான். ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் அறை அவனுடையது. அதில் அலமாரி காலியாக இருக்கிறது. துணியெல்லாம் சூட்கேஸில். துவைத்த சட்டையை மடித்து மறுபடி அதிலேயே வைப்பான்.

வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்வது அவன் தொழில். கைராசிக்காரன். பம்பைக் கழற்றி அதில் சிக்கிய பட்டன், ஹேர்பின், யாருடையதோ ஒற்றைக் கம்மல் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுவான். ஆனால் ‘எப்ப வருவீங்க’ என்ற கேள்விக்கு அவனிடம் ஒரே பதில்தான். பாதிப் பேருடைய போனில் அவன் பெயரே ‘பார்க்கலாம்’ என்றுதான் பதிவாகியிருக்கிறது. நூலகத்தில் கார்டு வாங்கித் தருகிறேன் என்றேன். “திருப்பித் தரேன்னு கையெழுத்து கேக்கறாங்கக்கா” என்று நழுவிவிட்டான். மகள் ஒரு சின்ன கள்ளிச்செடி கொடுத்தபோது, “வேண்டாம்டா கண்ணு, அது என்னை நம்ப ஆரம்பிச்சிடும்” என்று திருப்பிக் கொடுத்தான்.

நானோ ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய் நிற்கிறவள். ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்தால் நகல் இரண்டு எடுத்து இரண்டு இடத்தில் வைப்பேன். எங்கள் இரண்டு பேரையும் பெற்றது ஒரே தாய்தானா என்று என் வீட்டுக்காரருக்கு இன்னும் சந்தேகம்.

தெருமுனையில் ஒரு சலவைக்கடை உண்டு. காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் கடை. பதினோரு மெஷின்கள், மடிக்க ஒரு நீள மேஜை, ஜோடி தொலைத்த காலுறைகளுக்கென்று ஒரு கூடை. ஏழாம் எண் மெஷின் மட்டும் சுற்றும்போது நகர்ந்து நகர்ந்து நடைபாதைக்கே வந்துவிடும். கடைக்காரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் இறந்து ஏழு வருஷம். பெரிய போர்வையைத் தாடையில் இடுக்கித் தனியாளாக மடிப்பார். அந்த ஏழாம் மெஷினை என் தம்பி இதுவரை எத்தனை தடவை சரி செய்தான் என்று கணக்கில்லை. மற்ற வீட்டு மெஷின்களை ஒரே தடவையில் முடிக்கிறவன், இதை மட்டும் முடிக்கவில்லை. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

ஒரு புதன்கிழமை நான் அங்கே போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். இவன் ஏழாம் மெஷினுக்குப் பின்னால் படுத்துக் கிடந்தான். கடைக்காரம்மா வந்து நின்றார்.

“மெக்கானிக், பக்கத்து ரூம் காலியாகுது. கட்டடத்துக்காரர் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள பதில் கேக்கறார். எடுத்தா இன்னும் ஆறு மெஷின் போடலாம். நீங்க கூட இருந்தா எடுக்கறேன். இல்லேன்னா கடையை விட்டுட்டு எங்க தங்கச்சி ஊருக்குப் போயிடறேன். இனிமே ஒருத்தியா இழுக்க முடியாது.”

மெஷினுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “கூட இருக்கறதுன்னா?”

“கடையிலயும்தான். கடையை மூடினதுக்கு அப்புறமும்தான்.”

நான் காயவைக்கும் மெஷினுக்குள் சுற்றும் துணியை மிகவும் அக்கறையாகப் பார்த்தேன். அவன் ஒரு நட்டை முறுக்கி முடித்தான். பிறகு, வாயில் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டே, “பார்க்கலாம்” என்றான்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “சரி” என்றுவிட்டு சோப்புப் பெட்டிகளை அடுக்கப் போனார். எனக்குத்தான் ராத்திரி சோறு இறங்கவில்லை. வீட்டில் அவனைப் பிடித்து உலுக்கினேன். அதற்கும் அதே பதில்.

வியாழக்கிழமை, விட்டுப்போன தலையணை உறை ஒன்றை எடுக்கக் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா பின்கட்டில் இருந்தார். ஏழாம் மெஷின் மேல் இவனுடைய ஸ்பேனர் கிடந்தது. பிடியில் நீலத் துணி சுற்றியது, அவன் தினமும் கையில் வைத்திருப்பது. மறதிக்காரன் என்று தலையில் அடித்துக்கொண்டு எடுத்து வந்தேன். துடைத்து, அவன் கருவிப்பெட்டியில் அதன் இடத்தில் பொருத்தி வைத்தேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட வந்தவன் பெட்டியைத் திறந்தான். மூன்றரை மணி.

“அக்கா, இது எப்படி இங்க வந்தது?”

“நான்தான் கொண்டு வந்தேன். மறந்து விட்டுட்டு வந்திருந்த.”

“மறக்கல.” நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். “எந்த இடத்துக்குத் திரும்பிப் போகப் போறேனோ, அங்க ஒரு சாமானை விட்டுட்டு வருவேன். வேலை முடிஞ்சிடுச்சுன்னா எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துடுவேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. அவங்க மூணாவது மாசமே தானா கண்டுபிடிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் வருவீங்களான்னு கேக்கறதே இல்ல. என்ன கிடக்குதுன்னு பார்ப்பாங்க, அவ்வளவுதான்.”

நான் பெட்டியைப் பார்த்தேன். “அப்போ அந்த ஸ்பேனர்?”

“அதுதான்க்கா பதில்.”

“வாயைத் திறந்து சொன்னா என்னடா?”

“சொல்லிட்டா செய்யணுமே.”

“செய்யத்தானே போற?”

“செய்வேன். ஆனா செஞ்சே ஆகணும்னு ஆயிடுமில்ல.”

அடிக்கக் கை ஓங்கினேன், நேரமில்லை என்று விட்டேன். “எங்க வீட்ல என்னத்தடா விட்டு வச்சிருக்க?” என்று மட்டும் கேட்டேன்.

“சூட்கேஸ்” என்றான்.

கடைக்காரம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஓடினோம். அவன் கையில் பெட்டி, என் காலில் வீட்டுச் செருப்பு. கடையில் அவர் ஸ்டூல் மேல் ஏறி, சுவரிலிருந்த விலைப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாளியோடு ஒரு பெரியவர் துணி காய்வதற்காகக் காத்திருந்தார்.

“வாங்க மெக்கானிக். ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போயிட்டீங்க போல” என்றார் கடைக்காரம்மா, திரும்பிப் பார்க்காமல்.

“நான் எடுத்துட்டேன்மா” என்றேன். “இவன் வைக்கல, நான்... அதாவது இவன் வச்சான், நான் எடுத்தேன்.”

அவர் ஸ்டூலில் நின்றபடியே என்னைப் பார்த்தார். இவன் பெட்டியைத் திறந்தான். முதல் மெஷின் மேல் சுத்தியல். இரண்டாவதன் மேல் குறடு. மூன்றாவதன் மேல் ஸ்க்ரூடிரைவர். வரிசையாகப் பதினோரு மெஷின்களுக்கும் வைத்துக்கொண்டே போனான். ஏழாவதன் மேல் நீலத் துணி சுற்றிய ஸ்பேனர். கடைசியில் காலிப் பெட்டியை மடிக்கிற மேஜையில் வைத்தான்.

பெரியவர் என்னிடம் ரகசியமாக, “எல்லா மெஷினுமே ரிப்பேரா?” என்றார்.

“கண்காட்சி நல்லா இருக்கு” என்றார் கடைக்காரம்மா. “ஆனா உங்க அக்கா நாளைக்கு வந்து ஒண்ணொண்ணா பொறுக்கிட்டுப் போயிடுவாங்களே. அதனால இந்த ஒரு தடவை வாயால சொல்லுங்க. பத்து நிமிஷம் இருக்கு.”

என் தம்பி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான், காலுறைக் கூடையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். நான் வாசலை மறித்து நின்றுகொண்டேன். ஒரு மெஷின் சுற்றி முடித்து நின்றது. அந்த அமைதியில்தான் அவனுக்குக் குரல் வந்தது.

“நாளைக்கு... காலைல... ஒன்பது மணிக்கு வரேன்.”

“எதுக்கு?”

“பக்கத்து ரூம் சுவரை அளக்க. ஆறு மெஷின் நிக்குமான்னு.” காலிப் பெட்டியின் மூடியைச் சாத்தினான். “அப்புறமும் இருக்கேன்.”

ஒன்பது வருஷத்தில் அவன் வாயிலிருந்து நேரம் ஓர் எண்ணாக வந்து நான் கேட்டதில்லை. கடைக்காரம்மா ஸ்டூலிலிருந்து இறங்கி, கட்டடத்துக்காரருக்குப் போன் போட்டு, “எடுத்துக்கறேங்க” என்றார். போனை வைத்துவிட்டு இவன் பக்கம் திரும்பினார்.

“ஒன்பது மணிக்கா?” என்றார். “பார்க்கலாம்.”

அன்று ராத்திரி முழுக்க இவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் ஏழு நிமிஷ நடைக்கு எட்டு மணிக்கே கிளம்பிப் போனான். ஒன்பது பத்துக்கு எனக்குப் போன் வந்தது.

“அக்கா, இன்னும் கடையே திறக்கல. ஒன்பதுன்னா ஒன்பதுக்கு வர வேண்டாமா? மனுஷங்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கணும்க்கா.”