டிரெய்லரை ஆட்டியது யார்

வளைகுடாவில், முசஃபாவைத் தாண்டி ஒரு சைட்டில் கம்பெனி எனக்கு ஒரு பழைய டிரெய்லரைத் தங்கக் கொடுத்தது. கூடவே ஸ்டோர் பார்க்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவன். பிக்கப்பின் முதுகில் மூக்கை ஏற்றி இழுத்துப் போகிற வகை டிரெய்லர் அது. பிக்கப் கழன்று போனபின் முன்பாகம் இரண்டு இரும்புக் கால்களில் நிற்கும். மூக்கு அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மூக்குக்குள்தான் என் கட்டில். பின்னால் அவன் தண்ணீர் குடிக்க எழுந்தால் இங்கே நான் தொட்டில் பிள்ளை.

தொழிலாளர் கேம்பில் ரூமுக்குப் பன்னிரண்டு பேர். ஒன்பது வருஷம் அப்படிக் கிடந்தவன் நான். இங்கே உள்ளிருந்து தாழ் போட ஒரு கதவு இருந்தது. ஃபோர்மேன் ஒருநாள் ஏறி வந்து இரண்டு குதி குதித்தான்.

"வியாழக்கிழமை சேஃப்டிக்காரன் வருவான் பாய். இப்படி ஆடினால் பூட்டிவிடுவான். அப்புறம் இரண்டு பேருக்கும் கேம்புதான்" என்று இந்தியில் சொன்னான்.

தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவன் ஊர்க்காரர்கள் ஆறு பேர் கேம்பில் இருந்தார்கள். சீட்டு, கிரிக்கெட், மீன்குழம்பு எல்லாம் அங்கேதான். இந்த டிரெய்லர் பூட்டப்பட்டால் அவனுக்கு என்ன நஷ்டம்?

நான் வெல்டர். வேலையை நானே செய்தேன். சக்கரங்களுக்கு நடுவே கட்டை அடித்து இறுக்கினேன். மூக்குக்கு அடியில் நிறுத்த ஒரு முக்காலி பற்றவைத்தேன். முன்கால்களுக்குக் கீழே பலகை, நடுவே குறுக்குக் கம்பி. பின்னால் இரண்டு ஜாக்; தூக்காமல் தொட்டு இறுக்கினால் போதும். ஞாயிறு சாயங்காலம் உள்ளே குதித்துப் பார்த்தேன். அசையவில்லை.

திங்கட்கிழமை மறுபடி ஆடியது. அடியில் குனிந்து பார்த்தேன். இடது முன்காலைக் கையால் அசைக்க முடிந்தது. முன்பாகத்தின் பாரம் முழுக்க முக்காலியின் தலையில் இருந்தது. காலை ஏற்றி இறக்குகிற கைப்பிடி ஸ்டோரில் இருக்கும். ஸ்டோர் சாவி யாரிடம்?

காலைத் திரும்பவும் இறுக்கி, அதன் உள்குழாய் வெளியே வரும் விளிம்பில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். யாராவது கைப்பிடியைச் சுற்றினால் கோடு நகரும். செவ்வாய்க்கிழமை கால் தளர்ந்திருந்தது. கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. புத்தியுள்ளவன் அங்கே நின்று யோசித்திருப்பான். நானோ, அவன் அழித்துவிட்டுப் புதுக்கோடு போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். அவன் மேசையில் மார்க்கர் இருந்தது. ஸ்டோர்காரன் மேசையில் மார்க்கர் இல்லாமல் வேறென்ன இருக்கும்!

அன்று சோறு தின்னும்போது கேட்டேன். "காலை எதுக்குத் தளர்த்துற?"

"எந்தக் காலை அண்ணை?"

"நடிக்காத. கேம்புக்குப் போகணும்னா நேரா சொல்லு."

"உங்களுக்கென்ன விசரே? நான் இரவிலை எழும்பி நடந்தாலே எங்க போறாய் எண்டு கேக்கிறியள். இதுக்கை நான் எப்பிடிக் கீழ பூந்து கழட்டுறது?"

"அதான் பகல்ல கழட்டுற."

அவன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். காலைத் தளர்த்துவது அவன்தான் என்று நான் ஃபோர்மேனுக்குப் போன் போட்டேன். மறுநாள் காலை வந்த பஸ்ஸில் பெட்டியோடு அவன் கேம்புக்குப் போனான்.

அவன் போனபின் காலை இறுக்கலாம் என்று அடியில் படுத்தேன். முழங்கை சேற்றில் புதைந்தது.

ஏசித் தண்ணீர். அந்தப் பக்கம் பெயின்ட் வாளியில் நான் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்திருந்தேன். தண்ணீர் வீணாகக் கூடாதென்று ஏசிக் குழாயை நீட்டி வாளிக்குள் விட்டதும் நான்தான். ஜூலை மாதம், குழாய் நிற்காமல் ஒழுகும். வாளி நிரம்பி வழிந்து நேரே பலகைக்கு அடியில் போயிருக்கிறது. இங்கத்து உப்பு மண் காய்ந்தால் சிமென்ட், நனைந்தால் களி. நான் இறுக்க இறுக்கக் கால் பலகையோடு இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் எதையும் சுற்றவில்லை.

குழாயை மறுபக்கம் திருப்பினேன். களியை வாரிக் கொட்டிவிட்டு ஜல்லி போட்டு, அகலமான இரும்புத் தகட்டின் மேல் காலை வைத்தேன். வியாழக்கிழமை சேஃப்டிக்காரன் ஏறி நடந்து பார்த்து "மாஃபி முஷ்கிலா", பிரச்சினை இல்லை, என்று கையெழுத்துப் போட்டான்.

அன்றைக்கே ஃபோர்மேனிடம் உண்மையைச் சொன்னேன். நல்லவன் என்பதால் இல்லை. அந்தக் காலியான கட்டிலைப் பார்க்க முடியவில்லை. "அவனைக் கூப்பிடு, வந்தால் வரட்டும்" என்றான் ஃபோர்மேன்.

தம்பிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே சத்தம். யாரோ சீட்டில் ஏமாற்றுகிறான் என்று இன்னொருவன் திட்டிக்கொண்டிருந்தான்.

"வரேல்லை அண்ணை" என்றான் தம்பி. "இஞ்ச படுக்க இடமில்லைதான். ஆனா ஒண்டுக்குப் போறதுக்கு ஆருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சரி என்று போனை வைத்தேன்.