பானையில் வராத பெயர்

ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். விரலில் மை காய்வதைப் பார்த்ததும் நாலாம் வகுப்பு நினைவுக்கு வந்தது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு மண்டபம். ஒரே வௌவால் நாற்றம். "சோழர் காலத்திலேயே இங்க ஓலையில பேர் எழுதி, பானையில போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்தாங்க. ஆனா சொந்த நிலம் இருக்கணும்" என்றார் டீச்சர்.

என் பக்கத்தில் நின்ற காலனிச் செல்வி கேட்டாள். "அப்போ எங்க நைனா பேரு பானையில வராதா டீச்சர்?"

"உங்க நைனா எங்க வூட்ல ஏர் ஓட்றவன்தானே" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள்.

இப்போது வாக்குச்சாவடியிலிருந்து என் பின்னாலேயே மை விரலோடு செல்வி வந்தாள்.

"நல்லா கீறீங்களா?" என்றாள்.

என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் நைனாவுக்கு நான் தராத மரியாதையை எனக்குத் தந்துகொண்டு நின்றாள்.