மூடி போட்ட ஓடை

ஆலைகளில் தண்ணீரை மிச்சப்படுத்தச் சொல்லும் தொழிலில் முதலில் வற்றுவது சொல்பவனின் தொண்டைதான். வீட்டில் "குழாயை மூடுங்க" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுக் குளிர்பான ஆலைகளில் பல வருடம் இதையே சொல்லிவிட்டு ஊர் திரும்பிய என்னை, பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு பழரச ஆலை கூப்பிட்டது. மலை ஓடையில் குழாய் போட்டுத் தண்ணீர் எடுக்கிறார்கள். கீழே பீன்ஸ் போட்டிருந்தவர்கள், "சித்திரை முடியறதுக்குள்ள ஓடையில தண்ணி எறங்கி வரலேன்னா குழாயப் பிடுங்கிருவோம்" என்று கெடு வைத்திருந்தார்கள்.

மீட்டருக்குப் போர்வை

எவ்வளவு தண்ணீர் போகிறதென்று தெரிய ஒரு மீட்டர் மாட்டினேன். மறுநாள் அதன்மேல் சாக்கு மூடிக் கிடந்தது. மழைக்கா என்று முதலாளியைக் கேட்டேன்.

"நம்பர் ஓடுறதப் பாத்தா நெஞ்சு படபடங்குது சார். டாக்டர் டென்ஷனே ஆகாதுன்னுட்டார்."

கைப்பிடி

தரை கழுவும் ஓஸ் நாள் முழுக்கத் தானாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் முனையில், அமுக்கினால் பீய்ச்சும், விட்டால் நிற்கும் கைப்பிடி ஒன்றைப் பொருத்தினேன். மூன்றாம் நாள் போனால், கைப்பிடியை அமுக்கிய நிலையிலேயே வாழைநாரால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பழையபடி ஓடுகிறது. கழுவும் பகுதியைக் கவனிக்கும் முத்துலட்சுமியக்கா நிதானமாகச் சொன்னார்:

"அமுக்கி அமுக்கிப் புள்ளைகளுக்குக் கை கடுக்குது. நீங்க மாட்டுனத நாங்க கழட்டலியே சார்?"

எச்சில்

பாட்டிலைக் கடைசியாக அலசும் தண்ணீர் கண்ணாடி போலிருக்கும். அதைத் தொட்டியில் பிடித்து, மண்ணோடு வரும் பிளம்ஸ் பழங்களின் முதல் அலசலுக்கு விடலாம் என்றேன். "எச்சித் தண்ணியிலயா பழத்தப் போடுறது?" என்று அக்கா கையைக் கட்டிக்கொண்டார். பரிசோதனை அறிக்கையை நீட்டினேன். அது அவர் டீ கிளாஸுக்கு அடியில் போனது. ஒரு வாரம் இப்படியே. பிறகு அவரே அந்தத் தண்ணீரைக் காலிப் பழப்பெட்டிகளையும் தரையையும் கழுவத் திருப்பிவிட்டார். ஓடையிலிருந்து எடுப்பது பாதியாகக் குறைந்தது.

"எதுக்கு ஆகும்னு எங்கள மொதல்லயே கேட்டிருந்தா, உங்க பேப்பராவது மிஞ்சியிருக்கும்."

திறப்பு விழா

மிஞ்சிய தண்ணீர் ஓடைக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான் மட்டும்தான். முதலாளி அதைக் குடிதண்ணீர் பாட்டிலில் அடைக்க ஆரம்பித்தார். திறப்பு விழாவுக்குக் கீழ்க்காட்டுக்காரர்களையும் அழைத்து ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார். வாடிய பீன்ஸ் கொடியை விட்டுவிட்டு வந்திருந்த தங்கவேல், பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம ஓடைதானே? மூடி போட்டதும் அடையாளமே தெரியலைங்க."

சித்திரை முடிந்த மறுநாள் மீட்டர் பார்க்கப் போனேன். ஆலை வாசலில் ஓடைக் குழாய் மொத்தமும் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் தங்கவேல்.

"இனிமே ஒரு சொட்டுகூட உங்களுக்கு வீணாகாதுங்க சார்."

என் தொழிலில் முழுச் சிக்கனம் கைகூடிய ஒரே ஆலை அதுதான்.