பினாங்கிலிருந்து வந்த பதில்

ஐப்பசி மாதத்து இடி ஒன்று பாளையங்கோட்டையில் நான் நடத்திவந்த டி.டி.பி. கடையின் கணினியைத் தீய்த்துவிட்டுப் போனது. மறுநாள் இரவலாக வாங்கி வந்த வேறொரு கணினியில் என் பிளாப்பியைச் செருகித் திறந்தேன். திரை நிறைய எழுத்துகள் வந்தன. ஒன்றுகூடத் தமிழ் இல்லை. தலையில் குறி சுமந்த ஐரோப்பிய எழுத்துகள், டாலர் குறிகள், பாதியில் வெட்டுப்பட்ட கோடுகள், இடையிடையே கேள்விக்குறிகள். பக்கம் பக்கமாக உருட்டிப் பார்த்தேன், கடைசிவரை அதேதான். அது ஒரு முழுப் புத்தகம். அதை ஒருவர் சொல்லச் சொல்ல நான் கணினியில் அடித்திருந்தேன். சொன்னவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் பேச முடியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை நாங்கள் டாக்டரம்மா என்றுதான் சொல்வோம். தாமிரபரணிக் கரை ஊர்களிலும் மலைமேல் மாஞ்சோலையிலும் வாழ்நாள் முழுக்கப் பிரசவம் பார்த்தவர். ஓய்வுபெற்றதும் கிராமத்து நர்சுகளுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுத ஆசைப்பட்டார். கைநடுக்கத்தால் பேனா பிடிக்க முடியவில்லை. அதனால் பிற்பகல்களில் என் கடைக்கு வந்து சொல்வார், நான் அடிப்பேன். "இதைப் பிள்ளத்தாச்சி பக்கத்துல நின்னுக்கிட்டு ஒருத்தி வாசிப்பாடி. ஒரே வாசிப்புல புரியணும்" என்று சொல்லி, நன்றாக வந்த வாக்கியங்களைக்கூட அழிக்கச் சொல்வார். புத்தகம் முடிந்த சில வாரங்களில் அவருக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்தது. மதுரையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. எல்லாம் திருத்தி முடித்த பிறகு ஒரேயடியாக அச்செடுக்கலாம் என்று நாங்கள் காகிதத்தில் எதையும் எடுத்து வைத்திருக்கவில்லை. திரும்பச் சொல்ல இனி அவருக்குக் குரலும் இல்லை, எழுதக் கையும் இல்லை.

அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு விதமாக இருந்தன. ஒருவர் 'க' வைத்த இடத்தில் இன்னொருவர் ஒற்றைக்கொம்பை வைத்திருப்பார். எந்த எழுத்துருவில் அடித்தோமோ அது இருந்தால்தான் வாசிக்க முடியும். என் எழுத்துரு தீய்ந்த கணினியோடு போய்விட்டது. அதைச் செய்து விற்ற சென்னைக்காரர் தொழிலை விட்டுவிட்டு எங்கோ போயிருந்தார். ஊரில் தெரிந்த கடைகளிலெல்லாம் கேட்டாயிற்று. யாரிடமும் அது இல்லை.

ஜங்ஷன் பக்கம் அப்போதுதான் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். அதை நடத்திய அண்ணாச்சி என் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இங்கன உக்காந்து தேடிப் பாரும்மா. உலகத்துல எவனாவது இதே முட்டுச்சந்துல வந்து நின்னிருப்பான்லா" என்றார். இணையத்தில் தமிழர்கள் கூடிப் பேசும் குழு ஒன்றை அவர்தான் காட்டினார். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதித்தான் அங்கே பேசுவார்கள். 'என் தமிழ் தெரியவில்லை, தயவுசெய்து உதவுங்கள்' என்று எழுதிப் போட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால், எழுத்துருவை மறுபடி நிறுவுங்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தார். அது இருந்தால் நான் ஏன் கேட்கிறேன்? இன்னொருவர், எந்த எழுத்துரு முறை சிறந்தது என்று முந்தின ஆளோடு சண்டை பிடித்திருந்தார். மூன்றாமவர் இதற்குத்தான் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்றிருந்தார். சண்டை நீண்டுகொண்டே போனது. என் கேள்வியை அதற்குள் எல்லோரும் மறந்திருந்தார்கள். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "நம்மூர் டீக்கடை பெஞ்சு மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகுதான் அந்தப் பதில் வந்தது. அதில் பதிலே இல்லை, கேள்விகள்தான் இருந்தன. எந்த மென்பொருளில் அடித்தீர்கள்? கோப்பிலிருந்து சில வரிகளை அப்படியே அனுப்ப முடியுமா? அந்த வரிகள் தமிழில் என்னவென்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா? கீழே பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் பினாங்கு என்ற ஊர்ப்பெயரும். வேறு அறிமுகம் இல்லை. நோய்க்காரனைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியரின் கை போல இருந்தன அந்தக் கேள்விகள்.

நிச்சயமாகத் தெரிந்த வரி ஒன்று என்னிடம் இருந்தது. புத்தகத்தின் முதல் வரி. 'பயப்படாதே என்று அவளிடம் முதலில் சொல். பிறகு உன் கையைக் கழுவு.' அதை மாற்றவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதையும், நினைவிலிருந்த இன்னும் சில வரிகளையும் கோப்பில் வந்த குறிகளோடு சேர்த்து அனுப்பினேன்; டாக்டரம்மாவின் கதையையும் எழுதினேன். தெரிந்த வரியைத் தெரியாத குறிகளோடு ஒட்டிவைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று அந்த மனிதர் பினாங்கில் உட்கார்ந்து பிரித்தெடுக்கத் தொடங்கினார். 'அண்ணன் அவர்களுக்கு' என்றுதான் நான் எழுதுவேன். கணினி தெரிந்தவர் ஆணாகத்தான் இருப்பார் என்று பெண்ணாகிய நானே முடிவு கட்டியிருந்தேன்.

வேலை எளிதாக இல்லை. அதிகம் வராத எழுத்துகளுக்குச் சான்று கிடைக்கவில்லை. 'நூ'வும் 'ணு'வும் குழம்பின. நான் டாக்டரம்மா வீட்டுக்குப் போய், பினாங்கிலிருந்து பாதி விளங்கி வந்த சொற்றொடரை வாசித்துக் காட்டுவேன். விடுபட்ட சொல்லை அவர் உதட்டை அசைத்துச் சொல்வார். அத்தனை நாள் அவர் சொல்லக் கேட்டு அடித்தவள் ஆகையால், ஒலி இல்லாமலே எனக்கு அது விளங்கிவிடும். அதைக் கொண்டுபோய் ஜங்ஷனில் அடித்து அனுப்புவேன். இப்படியே மழைக்காலம் போய்க்கொண்டிருந்தது. கார்த்திகை முடிவதற்குள் ஒரு சிறு நிரலும், அதோடு ஒரு தமிழ் எழுத்துருவும் வந்து சேர்ந்தன. பிளாப்பியைச் செருகி நிரலை ஓடவிட்டேன். முதல் வரி தமிழில் வந்தது. இரண்டாவது வந்தது. அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்து, முதல் பக்கம் முழுவதையும் சத்தமாக வாசித்தார். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நன்றி சொல்லி எழுதினேன். புத்தகம் அச்சானதும் ஒரு பிரதி அனுப்புகிறேன், முகவரி வேண்டும், அண்ணன் பெயரையும் நன்றியுரையில் போட வேண்டும் என்றேன். வந்த பதில் சிறியது. 'நான் அண்ணன் இல்லை தங்கச்சி, அக்கா. பெயரெல்லாம் வேண்டாம். அடுத்த வருஷம் திருச்செந்தூருக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது. வரும்போது அந்த டாக்டரைப் பார்க்க முடியுமா?'

சொன்னபடியே வந்தார். கோயிலுக்குப் போய்விட்டு நேராகப் பாளையங்கோட்டைக்கு வந்த அவரைப் பேருந்து நிலையத்தில் போய் அழைத்துவந்தேன். குட்டையான உருவம், கத்தரித்த நரைமுடி, நெற்றியில் திருச்செந்தூரில் பன்னீர் இலையில் வைத்துத் தரும் விபூதி. துறைமுக அலுவலகம் ஒன்றில் கணினிப் பிரிவில் வேலை என்றார். வழியெல்லாம் கலகலவென்று பேசிக்கொண்டு வந்து, டாக்டரம்மா எதிரே உட்கார்ந்தார். டாக்டரம்மா அவர் கைகளைப் பிடித்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார். அச்சான புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்தார். அக்கா அதைப் புரட்டி, ரத்தப்போக்கு பற்றிய பகுதியில் விரலை வைத்துக்கொண்டார்.

"ரப்பர் தோட்டத்துல பொறந்தவ நானு. தம்பி பொறக்கையில அம்மா செத்துப்போச்சு. இதுல போட்டிருக்கே, அதே மாதிரிதாங்க ரத்தம். அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் ஓடி லோரி பிடிச்சிருக்கணும்னு எல்லாரும் சொன்னாங்க. அவரு போகல. அம்மா கைய விடல. சாகுற வரைக்கும், நான்தான் கொன்னுட்டேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. முதல் வரிய நீங்க அனுப்பினீங்க பாருங்க, அது தமிழா தெரிஞ்ச அன்னிக்கே இதக் கேக்கணும்னு தோணுச்சு. அப்பா ஓடியிருந்தா அம்மா பொழைச்சிருக்குமா?"

என் கேள்விக்குப் பதில் தேடித் தந்தவர், தம் கேள்விக்கு இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது. டாக்டரம்மா உதட்டை அசைத்தார். தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், ரத்தம் எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் போனது, வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டார். நான் ஒவ்வொன்றையும் குரலில் சொன்னேன். அக்கா தெரிந்தவரை பதில் சொன்னார். பிறகு டாக்டரம்மா அக்காவின் பக்கம் திரும்பினார். உதடுகள் அசைந்தன. நான் பைய அதைத் திருப்பிச் சொன்னேன்.

"பொய் சொல்ல மாட்டேன். பக்கத்துல ஆஸ்பத்திரி இருந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். நீ சொல்லுத தூரத்துக்கு லாரி வந்து சேருமுன்னே உயிர் போயிருக்கும். உங்கப்பா ஓடியிருந்தா அவ தனியாப் போயிருப்பா. அவர் தப்புப் பண்ணலம்மா."

அக்கா புத்தகத்தை மூடினார். பிறகு என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, அந்தக் கடைசி வரிய மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.