இருபத்தேழாம் இரவில் தூங்கிவிட்டேன்

1977-ஆம் வருடம், நோன்பு மாதம். குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில், பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டோரில் வேலையில் இருந்தேன். சூடு கூடினால் காய் வெடிக்கும்; குறைந்தால் நிறம் போய்விடும். அதனால் விடியும் வரை அடுப்புக்கு விறகு தள்ள வேண்டும். நானும் தேவாரத்து அண்ணன் ஒருவரும் முறை மாற்றிக்கொள்வோம்.

அன்று இருபத்தேழாம் இரவு. ஆயிரம் மாதங்களைவிட மேலான இரவாகிய லைலத்துல் கத்ர் அதுவாக இருக்கலாம் என்று எங்கள் ஆட்கள் விடிய விடியத் தொழுவார்கள். போடி பள்ளிவாசலுக்குப் போக லீவு கேட்க எனக்கு வாய் வரவில்லை. அண்ணனிடம் மட்டும் சொன்னேன். முதல் பாதி அடுப்பைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர், கொஞ்சம் தயங்கினார். அவர் மகள் டைபாய்டு காய்ச்சலில் போடி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காலை ஜீப்பில்தான் அவர் இறங்க முடியும்.

"கேட்டது கெடைக்கிற ராத்திரிங்கிறீங்க. எம் மகளுக்கும் ஒரு வார்த்தை கேளுங்க பாய்."

மூட்டைகளுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து நின்றேன். பகலெல்லாம் நோன்போடு காய் சுமந்த உடம்பு. அடுப்பின் கதகதப்பு வேறு. தொழுகையின் இரண்டாவது ரக்அத்தில் நெற்றியைத் தரையில் வைத்தது ஞாபகம் இருக்கிறது. எழுந்தது ஞாபகம் இல்லை.

விழித்தபோது என்மேல் ஒரு சாக்கு போர்த்தியிருந்தது. விடியுமுன் நோன்புக்காகச் சாப்பிடும் சஹருக்கு வைத்திருந்த கஞ்சித் தூக்கு அடுப்போரம் சூடாக இருந்தது. என் முறையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, அண்ணன் கண் சிவக்க உட்கார்ந்திருந்தார்.

"தொழுகையில கொறட்டையும் உண்டா பாய்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மகளுக்காக இன்னும் எதுவுமே கேட்கவில்லை என்று தலையைக் குனிந்தபடி சொன்னேன். எழுப்பியிருக்கலாமே என்றதற்கு, நான் கிடந்த கிடையைப் பார்த்து மனசு வரவில்லை என்றார். பிறகு கதவைத் திறந்து வெளியே பார்த்தார். மழை தூறிக்கொண்டிருந்தது.

"இன்னும் விடியலையே. இப்பக் கேளுங்க."

எனக்குத் தெரிந்த அரபி கொஞ்சம்தான். அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லித் தமிழிலேயே அல்லாஹ்விடம் கேட்டேன். அவர் விறகுக் கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார்.

நாலாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டதாகச் சொல்லியனுப்பினார். என் துஆவா, ஆஸ்பத்திரி மருந்தா, எனக்குத் தெரியாது. இன்றும் களைத்துப்போய் இரவுத் தொழுகைக்கு எழ முடியாமல் கிடக்கும்போது, இன்னும் விடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் எழுந்து உட்காருகிறேன். அடுத்தவர்களுக்கு முதலில் கேட்டுவிட்டுத்தான் எனக்குக் கேட்கிறேன்.